நாய்க்குத் தொண்டையில் கோளாறா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு நாய் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளாக வேலை பார்க்கிறேன். டாக்டர் பரிசோதிக்கும்போது நாயைப் பிடித்துக்கொள்வது, ஊசி எடுத்துக் கொடுப்பது, வெளியே உட்கார்ந்திருப்பவர்களிடம் விவரம் கேட்டு எழுதுவது என் வேலை. மர்ஃபி டவுன், ஜோகுபாளையம், லிங்கராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். பாதிப் பேர் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள்: "இவனுக்குத் தொண்டையில என்னமோ சிக்கிக்கிச்சு."

சிக்கியிருப்பது அபூர்வம். தொண்டை, குரல்வளை, மூச்சுக்குழாய், மூக்கின் பின்பக்கம், சமயத்தில் இதயம் வரை எதில் கோளாறு வந்தாலும் பார்ப்பவருக்குத் தொண்டையாகத்தான் தெரியும். இன்னொன்று, நிஜமாகவே தொண்டை வீங்கிச் சிவந்திருந்தாலும் அது அங்கேயே தொடங்கியது என்று சொல்ல முடியாது. மனிதனுக்குச் சளி பிடித்து நாலு நாளில் தொண்டை சரியாவது போன்ற சமாச்சாரம் நாய்க்கு ரொம்பக் குறைவு. பல்லோ, மூக்கோ, வயிறோ, நக்கிய ஏதோவோ பின்னால் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால், மாத்திரை தீர்ந்ததும் வியாதி திரும்ப வந்து நிற்கும்.

முதலில் இதைப் பாருங்கள்

கீழே சொல்வதில் எது இருந்தாலும் உடனே ஆட்டோ பிடியுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

ஈறும் நாக்கும் ரோஸ் நிறம் போய் நீலமாகவோ வெளிறியோ இருப்பது. கழுத்தை நீட்டி, முழங்கையை அகட்டி, சத்தத்தோடு மூச்சை இழுப்பது. முகமும் உதடும் திடீரென்று வீங்குவது. இந்த ஊரில் அடுக்குமாடி பால்கனிகளிலும் பூங்கா மரங்களிலும் மலைத்தேனீ கூடு கட்டும், அதைக் கவ்வப் போய் வாயில் கொட்டு வாங்கிய நாய்க்குத் தொண்டை உள்ளே வீங்கி மூச்சு அடைத்துப் போகலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரி நெஞ்சு ஆழமான பெரிய நாய் திரும்பத் திரும்ப ஓக்காளித்தும் ஒன்றும் வெளியே வராமல், வயிறு உப்பிக்கொண்டே போவது. இதையும் தொண்டை என்றுதான் கூட்டி வருகிறார்கள். அது வயிறு முறுக்கிக்கொள்வது; அறுவை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

அடுத்தது வெறிநோய். கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, தண்ணீரை விழுங்க முடியவில்லை, குரைப்பு கரகரத்து வேறு மாதிரி ஆகிவிட்டது, நடத்தையும் மாறியிருக்கிறது. இதைப் பார்க்கிறவருக்கு எலும்பு சிக்கிய மாதிரியே இருக்கும். கையை உள்ளே விட்டுத் துழாவத் தோன்றும். விடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி விட்டுப்போன நாய், தெருநாய் கடித்த நாய், எப்போது எங்கே கடிபட்டது என்றே தெரியாத தத்து நாய் என்றால் வாய்ப்பக்கமே போக வேண்டாம். தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள். எச்சில் உங்கள் கையில் கீறல் மேல் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்க்கு என்ன ஆகிறது, பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

"பசிச்சு ஓடி வர்றான், கிண்ணத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறான்"

தொண்டை அழற்சிக்கு இருமலைவிட நல்ல அடையாளம் இதுதான். நாய்க்குப் பசி இருக்கிறது, வால் ஆடுகிறது, கிண்ணத்தில் மூக்கை வைக்கிறது, ஒரு நக்கு நக்கிவிட்டு விலகுகிறது. தண்ணீர் குடிக்கும்போது ஒவ்வொரு முழுங்குக்கும் கழுத்தை முன்னால் நீட்டுகிறது. சும்மா இருக்கும்போதும் எச்சிலை முழுங்கிக்கொண்டே இருக்கிறது. லேசாகக் கனைத்து வெள்ளை நுரை கொஞ்சம் துப்புகிறது. பசியே இல்லாத நாய் கிண்ணத்துக்கே வராது, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

வீட்டில் மூன்று விஷயம் பார்க்கலாம். காய்ச்சல்: டிஜிட்டல் தெர்மாமீட்டர் முனையில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைக்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்குச் சாதாரணம். 103ஐத் தாண்டினால் காய்ச்சல். மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சல் சொல்வது நடக்காத காரியம். அடுத்து தாடைக்குக் கீழே, எலும்பின் கோணத்துக்கு உள்பக்கம், இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் கொட்டையாக உருளும், தொட்டால் வலிக்கும். சாதாரண எச்சில் சுரப்பியும் அங்கேதான் இருக்கிறது, அதனால் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்ப்பதே நல்லது.

மூன்றாவது, வாய்க்குள். நாய் அமைதியானது, தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டது, மூச்சுத் திணறல் இல்லை என்றால் மட்டும். ஒருவர் பின்னாலிருந்து நாயை அணைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் இடது கையை மேல் மூக்கின் மீது வைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் கட்டை விரலால் மேலுதட்டை உள்ளே மடித்து அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். உதடு பல்லுக்கு மேல் மடிந்திருப்பதால் கடித்தால் தன் உதட்டையே கடிக்கும் என்று நாய்க்குத் தெரியும். வலது கை நடுவிரலால் கீழ்த்தாடையின் முன்பற்களை இறக்கி, போன் டார்ச்சை ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, நாக்கின் பின்கோடியில் இரண்டு ஓரத்தையும் பாருங்கள். டான்சில் சாதாரணமாக ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. அழற்சி இருந்தால் அந்தப் பையை விட்டு வெளியே புடைத்து, அடர் சிவப்பாக, சமயத்தில் ரத்தப் புள்ளியோடு இருக்கும். இரண்டு மூன்று நொடிதான் நாய் விடும். கிடைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பக், ஷிட்சு மாதிரி சப்பை மூஞ்சி நாய்களிடம் இதை முயற்சிக்கவே கூடாது, பதறினால் மூச்சு முட்டும்.

உள்ளே பார்க்கும் அந்த ஒரு கணத்தில் பல்லையும் பார்த்துவிடுங்கள். கடைவாய்ப் பல்லில் பழுப்புக் கறை ஏறி, ஈறு ஓரம் சிவந்து, வாய் நாறினால் தொண்டைக்கு அழுக்கு இறங்கும் வழி தெரிந்துவிட்டது. நாக்கில் புண் இருந்தால் வேறு கேள்வி: நேற்று யார் தரையைத் துடைத்தது? பெனாயில் தண்ணீரில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கிய குட்டிகள், வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை நக்கியது, சார்ஜர் வயரைக் கடித்தது எல்லாம் நாக்கையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும். குச்சியைக் கவ்விக்கொண்டு ஓடும் நாய்க்கு அது தொண்டையின் பின்சுவரில் குத்தி, சில நாள் கழித்து உள்ளே சீழ் கட்டலாம். அடிக்கடி வாந்தி எடுக்கும் நாய்க்கு வயிற்று அமிலம் மேலே வந்து வந்தே டான்சில் சிவந்திருக்கும்; அதற்குத் தொண்டை மருந்து கொடுத்து என்ன புண்ணியம்?

வைத்தியம் டாக்டர் கையில். பாக்டீரியா தொற்று என்று தெரிந்தால் பெரும்பாலும் அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் வகை ஆன்டிபயாட்டிக், எடைக்கு ஏற்ற வலி மருந்து. நாய் இரண்டாம் நாளே சாப்பிட ஆரம்பித்துவிடும், அப்போதே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் நம் ஆட்கள். சொன்ன நாள் வரை கொடுத்தாக வேண்டும். சாப்பாடு குழைந்த சோறு, எலும்பில்லாத வேக வைத்த கோழி, உப்பு மசாலா எதுவும் இல்லாமல், வெதுவெதுப்பாக. ராகிக் கஞ்சியும் நல்லது. பாக்கெட் உணவுதான் பழக்கம் என்றால் அதையே வெந்நீரில் ஊறவைத்து ஆறியதும் மசித்துக் கொடுங்கள். ஒரே வேளையாகக் கொட்டாமல் நாலைந்து தடவையாக.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடுத்த நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், சிரை வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருக்கும். வயதான நாயில் ஒரே ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாக இருந்தால் புற்றுநோயையும் யோசிக்க வேண்டும். டாக்டர் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கலாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

"வாத்து கத்துற மாதிரி இருமுறான், கடைசியில நுரை வருது"

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலம், வேலூர், தர்மபுரி என்று குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள். நாயைப் போர்டிங்கில் விடுகிறார்கள். திரும்பி வந்து ஒரு வாரத்தில் கிளினிக்கில் இந்தச் சத்தம் வரிசையாகக் கேட்கும். கென்னல் காஃப். போர்டெடெல்லா பாக்டீரியாவும் பாராஇன்ஃபுளுயென்சா, அடினோவைரஸ் மாதிரி வைரஸ்களும் சேர்ந்து மூச்சுக்குழாயை வீங்க வைக்கும் வியாதி. தொற்றிய 3 முதல் 10 நாளுக்குள் பெரும்பாலும் இருமல் தொடங்கும். நாய் குரைத்தால், ஓடினால், கழுத்துப் பட்டை இழுத்தால் சங்கிலியாக இருமி, ஓங்கரித்து, வெள்ளை நுரை துப்பும். வாந்தி என்று நினைத்து வயிற்று மாத்திரை வாங்கி வருபவர்கள் உண்டு.

தொண்டை அழற்சிக்கும் இதற்கும் வித்தியாசம் கிண்ணத்தில் தெரியும். கென்னல் காஃப் உள்ள நாய் வழக்கம்போல் சாப்பிடும், விளையாடும். மார்புக்கு மேலே மூச்சுக்குழாயை இரண்டு விரலால் லேசாகத் தொட்டாலே இருமல் வரும். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்ப அழுத்திச் சோதிக்காதீர்கள்.

ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு இது ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானே அடங்கும். எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. காய்ச்சல், பச்சைச் சளி, சோர்வு என்றால் டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதுவார். அந்த மாத்திரையை வறட்டுத் தொண்டையில் போட்டு விட்டுவிடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவி நிறைந்ததும் நாயோடு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இருமல் இளகும். சப்பை மூஞ்சி நாய்க்கு இது வேண்டாம், சூட்டில் திணறும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு ஹார்னஸ் (நெஞ்சைச் சுற்றும் வார்) போடுங்கள். இருமல் நின்று ஒரு வாரமாவது ஆகும்வரை கப்பன் பார்க் பக்கமும், அபார்ட்மென்ட் கூட்டத்துக்கும் கூட்டிப் போகாமல் இருப்பது பக்கத்து வீட்டு நாய்க்குச் செய்யும் உபகாரம்.

குட்டி நாய், வயதான நாய், சாப்பாட்டை நிறுத்திய நாய், ஈர இருமல், வேகமான மூச்சு எதுவாக இருந்தாலும் நிமோனியா ஆகிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இருமலோடு கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சளி, பேதி, தசைத் துடிப்பு என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அது வேறு கதை, மோசமான கதை.

வருஷாவருஷம் போடும் 7 இன் 1, 9 இன் 1 கூட்டுத் தடுப்பூசியில் போர்டெடெல்லா கிடையாது. அதற்கு மூக்கில் விடும் கென்னல் காஃப் தடுப்பு மருந்து தனி. ஊருக்கு டிக்கெட் போடும்போதே டாக்டரிடம் கேட்டு, போர்டிங்கில் விடுவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். போட்டாலும் லேசாக வரலாம். படுக்கப் போடுகிற அளவுக்குப் பெரும்பாலும் போகாது.

"மூச்சை உள்ள இழுத்து இழுத்து கர்கர்னு சத்தம்"

நாய் நின்ற இடத்திலேயே நின்று, கழுத்தை நீட்டி, மூக்கு வழியாக வேக வேகமாக மூச்சை உள்ளே இழுக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும். அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் நின்றுவிடும், ஒன்றுமே நடக்காத மாதிரி விளையாடப் போய்விடும். இது தும்மலின் தலைகீழ் வடிவம், பெரும்பாலும் ஆபத்தில்லை. தொண்டையை மெதுவாகத் தடவிவிட்டு, மூக்குத் துவாரத்தை ஓரிரு நொடி மூடினால் ஒரு முழுங்கு முழுங்கும், நின்றுவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், மெட்ரோ வேலை நடக்கும் தெருத் தூசி எல்லாம் இதைத் தூண்டும். நாளுக்கு நாள் அதிகமானாலோ, ஒரு மூக்கில் மட்டும் ரத்தமோ சளியோ வந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

"முன்காலால வாயைப் பிறாண்டுறான்"

இப்போது நிஜமாகவே ஏதாவது சிக்கியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடைக்கு வெளியே கிடக்கும் எலும்பு மேல்தாடைப் பற்களுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். பிறாண்டல், ஓயாத எச்சில், வாயை மூடாமல் இருப்பது என்று சாப்பிட்டு முடித்த நிமிஷத்திலேயே திடீரெனத் தொடங்கியிருக்கும். அழற்சி இப்படித் திடுமென வராது.

ஒரு அக்கா தன் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மீன் முள்ளுதான் தம்பி, சோத்து உருண்ட ரெண்டு குடுத்துட்டேன், உள்ள போயிருக்கும்." நமக்கு முள் சிக்கினால் வீட்டில் செய்வது அது. நாய்க்குச் செய்யாதீர்கள். முள் இன்னும் ஆழமாக இறங்கும், கூடவே சோறு மூச்சுக்குழாய்க்குள் போகும் அபாயம். அந்த நாய்க்கு மயக்க மருந்து கொடுக்கலாம் என்றாலும், வயிற்றில் சோறு இருந்ததால் டாக்டர் அதிலும் தயங்க வேண்டியதாகிவிட்டது.

பல்லில் மாட்டிய எலும்பு கண்ணுக்குத் தெரிந்து, நாயும் அசையாமல் இருந்தால் மெதுவாக எடுக்கலாம். தொண்டைக்குள் இருப்பதை விரலால் தோண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். தையல் நூல் வாயில் தொங்கினால் இழுக்கவே கூடாது; மறுமுனையில் ஊசி இருக்கலாம், அல்லது நூல் குடல் வரை போயிருக்கலாம். நாக்கைத் தூக்கி அடியில் பாருங்கள், நூல் அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் வாய்ப்பு உண்டு.

மூச்சே போகாமல் அடைத்துக்கொண்டால் மட்டும்: சின்ன நாயைத் தலைகீழாகப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டுங்கள். பெரிய நாய் என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக நாலைந்து தடவை அழுத்தி, வாயைப் பார்க்க வேண்டும். பொருள் வெளியே வந்துவிட்டாலும் கிளினிக்குக்கு வர வேண்டும்.

"குரல் மாறிப்போச்சு"

பட்டாசுச் சத்தத்துக்கு ராத்திரி முழுக்கக் குரைத்த நாய்க்குக் குரல் கம்முவது இயல்பு. அமைதியான அறை, குரைக்க வைக்கும் ஜன்னலுக்குத் திரை, சில நாளில் சரியாகிவிடும்.

வயதான லாப்ரடாருக்குக் குரல் கரகரத்து, மூச்சை இழுக்கும்போது அறுக்கிற சத்தம் வந்து, கொஞ்ச தூரம் நடந்தாலே இளைத்தால் குரல்வளை தசை செயலிழந்துகொண்டிருக்கலாம். இதைத் தொண்டைப்புண் என்று மாதக் கணக்கில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். மார்ச், ஏப்ரல் வெயிலில் இந்த நாய்கள் உடம்புச் சூட்டை ஆற்ற முடியாமல் விழுந்துவிடும். நடை விடிகாலையில் மட்டும், கழுத்துப் பட்டை கூடாது, எடை குறைய வேண்டும். அறுவை சிகிச்சையும் உண்டு.

பொமரேனியன், யார்க்ஷயர் மாதிரி குட்டை நாய்க்குப் பட்டையை இழுத்தாலோ, குதித்தாலோ மட்டும் அதே வாத்துச் சத்தம் மாதக் கணக்கில் வந்தால் மூச்சுக்குழாய் தளர்ந்து சப்பையாகிறது. வயதானதற்கு ராத்திரி படுத்தபின் இருமல் என்றால் இதயத்தையும் சோதியுங்கள். நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிஷத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் சொல்லிவிடுங்கள்.

வீட்டு அலமாரியில் இருப்பதைப் பற்றி

குரோசின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் நாய்க்கு வேண்டாம். குரோசினில் இருக்கும் பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். மற்ற இரண்டும் வயிற்றில் ரத்தப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உண்டாக்கும். "கால் மாத்திரைதான் குடுத்தேன்" என்பதெல்லாம் ஐந்து கிலோ நாயிடம் செல்லாது. நம் இருமல் சிரப்பும் கூடாது, சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும், நாய்க்கு விஷம். விக்ஸ், அமிர்தாஞ்சனைக் கழுத்தில் தடவினால் நாய் நக்கிவிடும், அதில் இருக்கும் கற்பூரம் வலிப்பு வரை கொண்டுபோகும். மிளகு ரசத்தில் பூண்டு, சில வீடுகளில் வெங்காயமும். இரண்டுமே நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் பால் விஷமில்லை, ஆனால் பல நாய்களுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும். தேன் அரை ஸ்பூன், சர்க்கரை வியாதி இல்லாத வளர்ந்த நாய்க்குக் கொடுத்தால் தொண்டைக்கு இதம், வியாதியைக் குணப்படுத்தாது.

டாக்டரிடம் போகும்போது

கிளினிக் மேஜையில் ஏற்றினதும் நாய் பயத்தில் இருமவே இருமாது. வீட்டில் இருமும்போது, தண்ணீர் குடிக்கும்போது போனில் வீடியோ எடுத்து வாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். தடுப்பூசிப் புத்தகம், கடைசி இரண்டு நாளில் என்ன தின்றது, எங்கே போனது, என்ன மாத்திரை கொடுத்தீர்கள் எல்லாம் சொல்லுங்கள். வீட்டில் கொடுத்த மாத்திரையை மறைப்பவர்கள்தான் அதிகம், திட்டுவார்களோ என்று. திட்டுவார்கள்தான், பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரேயோ, தொண்டைக்குள் குழாய் கேமராவோ தேவைப்பட்டால் சிறிய கிளினிக்கில் முடியாது. குயின்ஸ் ரோடு அரசு கால்நடை மருத்துவமனைக்கும் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் எங்கள் டாக்டர் சீட்டு எழுதி அனுப்புவார். தொண்டையை முழுதாகப் பார்க்கவும், பல் சுத்தம் செய்யவும் மயக்க மருந்து வேண்டும் என்பதால் காலையில் சாப்பாடு போடாமல் கூட்டிப் போங்கள். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்பதை முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். வருஷத்தில் இரண்டாவது தடவையாக அதே தொண்டைக்கு அதே மாத்திரை எழுதப்பட்டால், "பல்லையும் வயிற்றையும் பார்த்துடலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.